பீடி சுற்றுகிறவர்களின் லீவுச் சம்பளக் கணக்கு: தொழிலாளர் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும், திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடிக்கடை, அதாவது பீடி இலையும் புகையிலைத் தூளும் கொடுத்து வீடுகளில் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்கிற கடை, நடத்தும் கம்பெனிகளுக்கும் வணக்கம்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒரு பெண் ஒரு நாள் லீவு எடுத்தால் அந்த நாளுக்கு எவ்வளவு சம்பளம் தர வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே வராது, லீவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாசக் கடைசியில் அதே தொகை வந்துவிடும். தினக்கூலிக்காரருக்கும் கணக்கு சுலபம், ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் தீர்ந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு மட்டும் லீவு நாளில் எண்ணிக்கை பூஜ்யம், ஆகவே கூலியும் பூஜ்யம் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். பீடி சுற்றுகிற பெண்களே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி கையில் கொடுக்கிற தொகையை ஏதோ முதலாளி பார்த்துப் போட்ட இனாம் மாதிரி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறார்கள்.

அது இனாம் இல்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டத்திலேயே இதற்கான கணக்கு தெளிவாக இருந்தது. 26ஆம் பிரிவு, முந்தைய ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றது. 27ஆம் பிரிவு, அந்த லீவு நாளுக்கு என்ன சம்பளம் என்பதைச் சொன்னது: லீவுக்கு முந்தைய மாதத்தில் அவர் வேலை செய்த நாட்களில் சம்பாதித்த மொத்தத்தின் தினசரி சராசரி. ஓவர்டைமும் போனஸும் அதில் சேராது, பஞ்சப்படியும் மற்றப் படிகளும் சேரும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஏறக்குறைய இதே சராசரியைத்தான் வைத்திருந்தது. ஆக, எண்ணிக்கைக் கூலிக்கு லீவுச் சம்பளம் கணக்கிட முடியாது என்பது சும்மா ஒரு பேச்சு. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கணக்கு தெரிந்த விஷயம்தான்.

வீட்டில் இருந்து சுற்றுகிறவருக்கு எது ஒரு நாள் என்பதையும் அந்தச் சட்டம் யோசித்திருந்தது. நள்ளிரவில் தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பீடி வேலையில் எவ்வளவு நேரம் ஈடுபட்டிருந்தாலும் அது ஒரு நாள். லீவுச் சம்பளத்துக்கும் இதே நாள்தான், பேறுகாலப் பணத்துக்கும் இதே நாள்தான். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதி உள்ளே போய் மாலையில் வெளியே வருகிற வேலை இல்லை இது என்பது அந்த வரியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களில் பலருக்கும் தெரியும், ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து விதி எழுதுகிறவருக்காக அந்த நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில், ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகு கத்தரியை எடுத்து, தகட்டு அளவு வைத்து இலை வெட்டுவார்கள். நரம்பு தடித்த இலை, ஓட்டை விழுந்த இலை எல்லாம் கழிவு, ஆனால் அதுவும் எடையில் சேர்ந்தே வந்திருக்கும். விடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுச் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் தூளை அள்ளி, இலையில் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றுவது மதியச் சமையல்வரை ஓடும். அப்புறம் மறுபடியும் உட்கார வேண்டும். கட்டுக் கட்டி, டப்பாவில் அடுக்கி, பீடிக்கடையில் வரிசையில் நின்று, தரம் பார்க்கிற செக்கர் கழித்தது போக மிச்சத்துக்குப் பாஸ்புக்கில் ஒரு வரி எழுதி வாங்கி வருவார்கள். இலை, தூள், நூல், ஒப்படைத்த பீடி. அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கிற தேதி, ஒப்படைத்த தேதி. முந்தின நாள் ராத்திரி இலை வெட்டினது அந்த வரியில் எங்கும் இல்லை. இரண்டு நாளாகச் சுற்றி மூன்றாம் நாள் கொண்டு போய்க் கொடுத்தாலும் புத்தகத்தில் ஒரே தேதிதான்.

இப்போது லீவுச் சம்பளத்துக்கு வருகிறேன். ஆயிரத்துக்கு 300 ரூபாய் கூலி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் பதினாறு நாள் வேலை, நாளைக்கு 800 பீடி. மொத்தம் 12,800 பீடி, 3,840 ரூபாய். சட்டப்படி இதைப் பதினாறால் வகுக்க வேண்டும், ஏனென்றால் வேலை செய்த நாட்களின் சராசரி என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒரு நாளுக்கு 240 ரூபாய். இதையே இருபத்தாறால் வகுத்தால் 148 ரூபாய்தான் வரும். முப்பதால் வகுத்தால் 128. பத்து நாள் லீவு என்றால் ஒரு கணக்கில் 2,400 ரூபாய், இன்னொரு கணக்கில் 1,480, மற்றொன்றில் 1,280. மூன்றுமே பார்ப்பதற்குச் சராசரி மாதிரித்தான் இருக்கும். எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று சீட்டில் எழுதாதவரை வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

கம்பெனி பெயர் வேண்டாம், என் அம்மாவுக்கு வந்ததைச் சொல்கிறேன். வருஷாவருஷம் போனஸும் லீவுச் சம்பளமும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் கைக்கு வரும், எது எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்காது. கணக்கு எழுதும் வேலைக்கு நான் போக ஆரம்பித்தபிறகு ஒரு வருஷம் அம்மாவின் பாஸ்புக்கை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நாட்களை எண்ணும்போது கம்பெனி ஒப்படைத்த தேதிகளை மட்டும் எண்ணியிருந்தது, அதனால் நாள் குறைந்து லீவும் குறைந்தது. சம்பளத்தை வகுக்கும்போது மட்டும் இருபத்தாறு. அதாவது லீவு நாளை எண்ணுகிற இடத்தில் சின்ன எண், சம்பளத்தை வகுக்கிற இடத்தில் பெரிய எண். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, ‘மேலே இருந்து இப்படித்தாம்மா வருது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அம்மாவுக்கோ நான் போய்க் கேட்டதில்தான் பயம், நாளைக்கு இலையைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்று.

என் கோரிக்கையின் மையம் இதுதான். நாள் என்பது எதுவாக இருந்தாலும் சரி, எண்ணுகிற இடத்திலும் வகுக்கிற இடத்திலும் ஒரே நாளாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேலை நாளைக் குறைத்து எழுதினாலும் பெரிதாக நஷ்டம் வராது, காரணத்தைக் கணக்குத் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இருபது நாளுக்கு ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளுக்கு ஒரு நாளின் சராசரிச் சம்பளம். நாளைக் குறைத்தால் லீவு குறையும், ஆனால் சராசரி ஏறும். நாளைக் கூட்டினால் லீவு ஏறும், சராசரி இறங்கும். ஆக மொத்தத்தில் மாதா மாதம் வருமானம் ஓரளவு சீராக இருக்கிற பெண்ணுக்கு வருஷ லீவுச் சம்பளம் அவருடைய வருஷக் கூலியில் இருபதில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்து நிற்கும். மேலே சொன்ன உதாரணத்தில் மாதம் 3,840 என்றால் வருஷத்துக்கு 46,080 ரூபாய். இருபதில் ஒரு பங்கு 2,304. வேலை நாள் 192, லீவு 9.6 நாள், அரை நாளுக்கு மேல் இருப்பதால் பத்து நாளாக எடுத்துக்கொண்டால் 2,400. இதைப் படிக்கிற பீடித் தொழிலாளியின் மகனோ மகளோ யாராவது இருந்தால் இன்றைக்கே வீட்டில் இருக்கிற பாஸ்புக்கை எடுத்து வருஷக் கூலியைக் கூட்டி இருபதால் வகுத்துப் பாருங்கள். கைக்கு வந்த தொகை அதில் பாதிதான் என்றால் எங்கேயோ வேறு எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு நியாயம் தவறும். சராசரி எடுப்பது லீவுக்கு முந்தைய ஒரே ஒரு மாதத்துக்கு. அந்த மாதம் இலை வரத்துக் குறைந்து நாளைக்கு 400 பீடிக்குத்தான் இலை கொடுத்தார்கள் என்றால் சராசரியும் பாதியாகிவிடும். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வர வேண்டியது, வரத்து ஏறும் இறங்கும், அதில் சுற்றுகிறவருடைய தப்பு எதுவும் இல்லை. எந்த மாதத்துச் சராசரியை எடுப்பது என்பதைக் கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொள்ளாமல், முந்தைய மாதச் சராசரி, முந்தைய ஆண்டுச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுப்பது என்று கூலி ஒப்பந்தத்திலேயே எழுதலாம். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சங்கத் தோழர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: பேச்சுவார்த்தையில் ஆயிரத்துக்கு எத்தனை ரூபாய் ஏற்றினோம் என்பதை மட்டும் நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறீர்கள், லீவுச் சம்பளத்தை எப்படி வகுக்கிறார்கள் என்று எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு பத்தி கேளுங்கள்.

சரி, இதுவரை சொன்னது பழைய குறை. இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த மடலை இப்போதே எழுத வைத்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய தொகுப்பு பதின்மூன்று பழைய சட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்திருக்கிறது. அந்தப் பதின்மூன்றில் ஒன்று பீடித் தொழிலாளர் சட்டம். புதிய தொகுப்பின் 32ஆம் பிரிவும் இருபது நாளுக்கு ஒரு நாள் என்றுதான் சொல்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த ஆண்டில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்காரருக்கு இது நல்ல மாற்றம், அவர்களுக்கு முன்பு 240 நாள் தேவைப்பட்டது. பத்திரிகைகளிலும் அப்படித்தான், 240 என்பது 180 ஆகிவிட்டது என்று எழுதினார்கள். பீடிக்காரருக்கு முன்பு இந்த மாதிரி வாசல் நிபந்தனையே கிடையாது என்பதை யாரும் பேசவில்லை. நூறு நாள் வேலை செய்தாலும் ஐந்து நாள் லீவு அவருக்கு இருந்தது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஒரு தெருவில் வைத்துப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு மதினிமார், ஒருவருக்கு மாதம் பதினைந்து நாள் இலை கிடைக்கிறது, இன்னொருவருக்குப் பதினான்கு நாள். முதலாமவருக்கு வருஷத்தில் 180 நாள், ஒன்பது நாள் லீவு உண்டு. இரண்டாமவருக்கு 168 நாள். பழைய சட்டப்படி அவருக்கு எட்டு நாள் லீவு. புதிய தொகுப்பின்படி ஒரு நாள்கூடக் கிடையாது. மாதத்துக்கு ஒரு நாள் இலை குறைந்ததற்காக வருஷத்து லீவு முழுக்கப் போய்விடுகிறது. எத்தனை நாள் இலை கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? அந்தப் பெண் இல்லை. கூடுதலாக இலை கேட்டுக் கடையில் நிற்கிறவர் அவர், இல்லை என்று அனுப்புகிறது கம்பெனி. வாரத்தில் மூன்று நாள் மட்டும் இலை கொடுத்தால் வருஷத்துக்கு 156 நாள், லீவுச் சம்பளம் என்கிற செலவே கணக்கில் வராது. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. செய்ய நினைக்கிற கம்பெனிக்கு இப்போது வழி திறந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன், அதை அடைக்க வேண்டியது நீங்கள்.

அடைப்பதற்கு இடம் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. வேலை கொடுக்க முடியாமல் தொழிலாளியை நிறுத்திவைத்த லே-ஆஃப் காலம், பேறுகால விடுப்பு, எடுத்த வருஷ லீவு, இந்த மூன்றையும் 180 நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த நாட்களுக்கு லீவு சேராது, ஆனால் 180ஐத் தொடுவதற்கு அவை உதவும். தொழிலாளி இலை கேட்டு, கடை இல்லை என்று சொன்ன நாள் லே-ஆஃப் இல்லாமல் வேறு என்ன? மில்லில் பஞ்சு வராமல் மெஷினை நிறுத்தினால் லே-ஆஃப், பீடிக்கடையில் இலை வராமல் அனுப்பிவிட்டால் அது மட்டும் தொழிலாளி வேலைக்கு வராத நாளா? இலை கொடுக்காத நாளை லே-ஆஃப் நாளாகப் பதிய வேண்டும் என்று மாநில விதியிலோ, முடியாவிட்டால் ஒரு தெளிவான சுற்றறிக்கையிலோ நீங்கள் எழுதினால் இரண்டாவது மதினியின் எட்டு நாள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

கூடவே, பழைய சட்டத்தில் இருந்த நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்கிற நாள் விளக்கத்தையும் விதியில் அப்படியே வையுங்கள். முன்பு நாள் குறைந்தால் சராசரி ஏறிச் சரிக்கட்டியது, அதனால் அது அவ்வளவாக உறுத்தவில்லை. 180 என்று ஒரு கோடு போட்டுவிட்டபிறகு ஒவ்வொரு நாளுக்கும் தனி மதிப்பு வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு இலை வெட்டினால் அன்றைக்கு அவர் வேலை செய்தார். மறுநாள் சுற்றினால் அன்றைக்கும் வேலை செய்தார். ஒப்படைக்கப் போய் வரிசையில் நின்ற தேதி ஒன்றை மட்டும் நாளாக எண்ணுவது அந்த வேலை நடக்கிற விதத்துக்கே பொருந்தாதது. எத்தனை பீடிக்கு எத்தனை நாள் என்று கணக்காகவே முடிவு செய்யலாம், இலை கொடுத்த தேதிக்கும் பீடி வாங்கிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களையும் எடுத்துக்கொள்ளலாம். எப்படி எண்ணினாலும் வகுக்கும்போதும் அதே எண், அது மட்டும் மாறக்கூடாது.

வீட்டில் இருந்து வேலை செய்கிறவரை இந்த அளவுக்குப் பின்தொடர முடியுமா என்று கம்பெனிகள் கேட்பார்கள். கம்பெனிகள் தொடுத்த வழக்கில் 1974ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பீடித் தொழிலாளர் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, வீட்டில் சுற்றுகிறவரும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். பி.எஃப். விஷயத்திலும் 1985இல் அதே நீதிமன்றம் அதையேதான் சொன்னது. பின்தொடர்வது ஒன்றும் கஷ்டமும் இல்லை. ஒரு கிராம் தூள் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கணக்கு கடையில் இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை போனது, எத்தனை பீடி வந்தது, எத்தனை கழித்தார்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதப்படுகிறது. பாஸ்புக்கில் இன்னும் இரண்டு கட்டம் கோடு போட்டால் போதும், ஒன்று இலை கேட்டு இல்லை என்று அனுப்பிய நாளுக்கு, இன்னொன்று இதுவரை சேர்ந்த லீவு நாளுக்கு.

லீவு நாள் என்றேன். காசைப் பற்றியே இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன், ஆனால் சட்டம் கொடுப்பது காசு மட்டும் இல்லை, ஓய்வையும் சேர்த்துத்தான். நடைமுறையில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு லீவு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. வருஷக் கடைசியில் தொகை வரும், ஆனால் இன்ன தேதியில் இருந்து இன்ன தேதிவரை நான் லீவு என்று சொல்லி எந்தப் பெண்ணும் கடையில் எழுதிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனால் முந்தின வாரமே ராத்திரி கண்விழித்துச் சுற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். காய்ச்சலில் கிடந்தால் மகளோ மருமகளோ உட்கார்ந்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும், இல்லையென்றால் இலை காய்ந்து கழிவாகி அதற்கும் கூலியில் பிடித்துவிடுவார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து போகாமல் இருந்தால் கம்பெனியில் பெயர் பதிந்த கார்டே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். குனிந்தே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகும் கழுத்தும் போன, தூள் பட்டு இருமுகிற பெண்களுக்கு ஓய்வு எவ்வளவு தேவை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே கம்பெனிகளுக்கு என் வேண்டுகோள்: வருஷத்தில் ஒரு தடவையாவது தொழிலாளியைக் கேட்டு அவர் சொல்கிற தேதியில் லீவு எழுதுங்கள், லீவுச் சம்பளத்தை லீவு தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள், அந்த நாட்களில் இலை கொடுக்க வேண்டாம், பீடியும் கேட்க வேண்டாம், திரும்பி வரும்போது அவருடைய இலை அளவு குறையாது என்று பாஸ்புக்கிலேயே எழுதிக்கொடுங்கள். கடைசியாகச் சொன்னது எழுத்தில் இல்லாவிட்டால் மற்ற எதையும் நம்பி யாரும் லீவு எடுக்க மாட்டார்கள்.

ஒரே கார்டில் அம்மாவும் மகளும் சேர்ந்து சுற்றுகிற வீடுகள் நிறைய. கார்டில் பெயர் இருக்கிறவருக்குத்தான் பி.எஃப்., அவருக்குத்தான் லீவு. இன்னொருவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இது தனியாக ஒரு மடல் எழுத வேண்டிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன். ஆய்வுக்கு வரும்போது கடைக்கு மட்டும் போகாமல் நாலு வீட்டுத் திண்ணைக்கும் வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

துறையில் ஆள் குறைவு, ஒரு ஆய்வாளர் எத்தனை கடைக்குத்தான் போவார் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஆள் தேவைப்படாத ஒன்றை முதலில் கேட்கிறேன். வருகிற ஆண்டுக் கணக்கில் இருந்து ஒவ்வொரு பீடிக் கம்பெனியும் லீவுச் சம்பளத்தைப் போனஸோடு கலக்காமல், தனிச் சீட்டில், தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அந்தச் சீட்டில் வேலை செய்த நாள் எத்தனை, இலை கொடுக்காத நாள் எத்தனை, சேர்ந்த லீவு எத்தனை, எந்த மாதத்துக் கூலியை எடுத்தார்கள், அதை எந்த எண்ணால் வகுத்தார்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். மிச்சத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகளே செல்போனில் கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள், தப்பு இருந்தால் சீட்டோடு உங்களிடம் வருவார்கள்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டத்தில் இருந்து
பீடி சுற்றும் ஒரு தாயின் மகள்